கதவு தட்டும் மசோதா

நோலன் டைக்ஸ்ட்ரா தன் மனைவியின் நாற்காலியில் உட்கார ஆரம்பித்துப் பதினோரு வாரம் ஆகியிருந்தது. நாற்காலி அவன் உயரத்துக்குப் பொருந்தவில்லை. அடியில் ஒரு பிடி இருந்தது. இழுத்தால் ஏறும். அவன் இழுக்கவில்லை.

அவன் மனைவி டமாரிஸ் பெட்வே கறுப்பினத்தவள்; அமெரிக்க மாநிலம் ஒன்றின் பேரவையில் நாற்பத்தொன்றாம் தொகுதியின் உறுப்பினராக நான்கு ஆண்டுகள் இருந்தவள். அக்டோபரில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஒன்பதாம் நாள் குளியலறையில் விழுந்தாள். ரத்த அழுத்தம் என்றார்கள். பிள்ளை பெற்ற பிறகும் அது ஏறி ஆளைக் கொல்லும் என்று நோலனுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். அதைப் பற்றி ஒரு மசோதாவே எழுதி வைத்திருந்தாள்.

டிசம்பரில் மாவட்டக் கட்சிக் கமிட்டி ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் கூடியது. மீதிக் காலத்துக்கு யாரைப் போடுவது என்று நான்கு பேர் அடித்துக்கொண்டார்கள். ஒருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில், யாருக்கும் பகையில்லாத ஆளாக, புருஷனைப் போட்டார்கள். நோலன் மாவட்ட நிர்வாகத்தின் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவன். ஈயம், குளோரின், பாக்டீரியா. அதைத் தவிர வேறு அரசியல் அவனுக்குத் தெரியாது.

"ஆளு வெள்ளைக்காரன்னு யாராவது கவனிச்சீங்களா?" என்று கமிட்டியில் ஒருவர் கேட்டார்.

"எங்களுக்கும் கண்ணு இருக்குப்பா" என்றார் இன்னொருவர். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பொரித்த மீன் வந்தது.

நோலன் ஒப்புக்கொண்டதற்குக் காரணம் ஒன்றுதான். உறுப்பினர் இறந்துபோனால் அவர் மசோதா நாற்காலியோடு போகும். நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் மசோதா அவருடையது.

ஒன்றரைப் பக்க மசோதா. பிள்ளை பெற்றவள் வீட்டுக்கு ஏழு நாளுக்குள் ஒரு செவிலியர் நேரில் வந்து ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். செலவை மாநிலக் காப்பீடு ஏற்கும். அவ்வளவுதான். டமாரிஸ் அதைக் கதவு தட்டும் மசோதா என்பாள். மேலவை பிப்ரவரியிலேயே நிறைவேற்றிவிட்டது. கையெழுத்துப் போடுவதாக ஆளுநர் அம்மா சொல்லிவிட்டார். பேரவையில் மட்டும் சுகாதாரக் குழுவின் அலமாரியில் கிடந்தது. மார்ச் கடைசி வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குள் அவையில் வாக்கெடுப்பு நடக்க வேண்டும். இல்லையென்றால் செத்தது. அடுத்த தேர்தலில் நோலன் நிற்கப்போவதில்லை. அதன்பின் அதை எடுத்துப் பார்க்க ஆளும் இல்லை.

குழுவைத் தாண்டி ஒரு மசோதாவை நேரே அவைக்குக் கொண்டுவர வழி இரண்டு. ஒன்று, பெரும்பான்மைக் கட்சியின் கொறடா மனது வைக்க வேண்டும். மற்றது பச்சைச் சீட்டு. அவையில் பதிவு பெற்ற அணிகள் ஆறு: கறுப்பின உறுப்பினர் அணி, பெண்கள் அணி, விவசாயிகள் அணி என்று. அணிக்கு ஆண்டுக்கு ஒரு பச்சைச் சீட்டு. அணி உறுப்பினரின் மசோதா எதிலாவது அதை ஒட்டினால் குழு அதைத் தடுக்க முடியாது.

அந்த வாரத் திங்கட்கிழமை நோலன் கறுப்பின உறுப்பினர் அணியின் தலைவி லவோன் ஸ்ட்ரிக்லினைப் பார்க்கப் போனான். அறுபத்தாறு வயது. முப்பது ஆண்டு பள்ளித் தலைமையாசிரியையாக இருந்தவர். அவரை எல்லாரும் மிஸ் லவோன் என்பார்கள், சபாநாயகர் உட்பட.

"உள்ள வா கண்ணு. கதவச் சாத்து. சாப்டியா?"

"சாப்பிட்டேன், மிஸ் லவோன்."

"பொய். முப்பது வருஷம் பொய் கேட்டவ நான்." எலுமிச்சை கேக்கில் ஒரு துண்டை வெட்டிக் காகிதத் தட்டில் வைத்து அவன் பக்கம் தள்ளினார். "தின்னுக்கிட்டே சொல்லு."

அவன் சொன்னான். அணியில் சேர வேண்டும். பச்சைச் சீட்டு வேண்டும்.

"விதி என்ன சொல்லுது?"

"இந்த அவையின் கறுப்பின உறுப்பினர்கள்."

"எழுதினது யாரு?"

"டமாரிஸ்."

"அப்புறம்?"

அப்புறம் ஒன்றுமில்லை. இரண்டு ஆண்டுக்கு முன்வரை விதி வேறு மாதிரி இருந்தது. கறுப்பின மக்கள் அதிகம் வாழும் தொகுதிகளின் உறுப்பினர்கள் என்று இருந்தது. ஹட்சின்ஸ் என்ற வெள்ளைக்காரர் அந்த வழியாக உள்ளே வந்தார். அவர் தொகுதியில் பாதிப்பேர் கறுப்பர்கள். சட்டப்படி சரி. அந்த ஆண்டு ஒரே ஓட்டு வித்தியாசத்தில், அவர் ஓட்டில், அணியின் பச்சைச் சீட்டு ஒரு கம்பெனியின் மசோதாவுக்குப் போனது. சிறையிலிருந்து வீட்டுக்குப் பேசுபவர்களிடம் நிமிடத்துக்கு இவ்வளவு என்று கறக்கும் கம்பெனி. கறுப்பின அணியே ஆதரிக்கிறது என்று அவர்கள் விளம்பரம் போட்டார்கள்.

அன்று இரவு டமாரிஸ் சாப்பிடவில்லை. மறுநாள் காலை அடுப்படி மேசையில் உட்கார்ந்து புது விதியை எழுதினாள். எழுதி முடித்து நோலனிடம் நீட்டினாள்.

"உனக்கு இது வருத்தமா இருக்கா?"

"எனக்கென்ன. நான் தண்ணி சோதிக்கிறவன்."

"நாளைக்கே நீ மெம்பர் ஆனா?"

"உன்னத் தோக்கடிச்சுட்டா? நடக்கிறதப் பேசு."

இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"நீ நல்ல பிள்ள" என்றார் மிஸ் லவோன். "உனக்குக் கதவத் திறந்தா உன் முதுகுக்குப் பின்னாடி ஹட்சின்ஸ் நிக்கிறான். அவனுக்குப் பின்னாடி இன்னும் நாலு பேரு. ஆளாளுக்கு ஒரு நல்ல காரணம் வெச்சிருப்பான்."

"எனக்கு ஓட்டு வேணாம். சீட்டு மட்டும் போதும்."

"சீட்டுதான் ஓட்டே, கண்ணு."

"இந்த வருஷம் சீட்டு எதுக்குப் போகுது?"

மிஸ் லவோன் மேசை மேல் கிடந்த துகள்களை விரலால் ஒதுக்கினார். "பாலத்துக்கு."

"எந்தப் பாலம்?"

"ஆத்துப் பாலம். அதுக்கு நம்ம பழைய தலைவர் பேரு வைக்கிறோம். பாவம், எண்பத்தொம்பது வயசு. கண்ணு மூடறதுக்குள்ள பாத்துட்டுப் போகட்டும்."

நோலன் கேக்கை மென்றான். வாயில் மாவாகச் சுற்றியது. அவரை நிமிர்ந்து பார்த்தான்.

"அப்படிப் பாக்காத. போன வருஷம் தோத்தோம். அதுக்கு முந்தின வருஷம் மானம் போச்சு. ஜெயிக்கிற மாதிரி ஒண்ணு வேணும்னு பசங்க கேக்கறாங்க. பாலத்தை யாரும் எதுக்க மாட்டான்."

"மூணு வருஷத்துல இந்த மாநிலத்துல பிள்ள பெத்தவங்க நாப்பது பேர் செத்திருக்காங்க, மிஸ் லவோன். பாதிக்கு மேல உங்க பொண்ணுங்க."

"எனக்குக் கணக்கு சொல்றியா நீ?" குரல் உயரவில்லை. தலைமையாசிரியையின் குரல். பிறகு தணிந்தார். "ஒரு வழி இருக்கு. மசோதாவ டீஸ் பேருக்கு மாத்திக் குடு. டீஸ் எங்க ஆளு. அவன் கொண்டுவந்தா அணி பரிசீலிக்கலாம். புதன்கிழமை கூட்டத்துல நீ விருந்தாளியா மூணு நிமிஷம் பேசு. பேசிட்டு வெளிய போயிடு."

"சரி."

"வியாழக்கிழமை பத்திரிகைக்காரங்க வர்றாங்க. குழந்தையத் தூக்கிட்டு வா. டமாரிஸோட பொண்ணு. டீஸ் கையில வெச்சுக்கிட்டு நாலு வார்த்த பேசட்டும். ஜனங்க மனசுல நிக்கும்."

நோலன் தட்டை மேசையில் வைத்தான். டீஸ் ஒருநாளும் குழந்தையைப் பார்க்க வந்ததில்லை. இறுதிச் சடங்கில் டீஸ் முன்வரிசையில் உட்கார்ந்து யாருக்கோ கைப்பேசியில் எழுதிக்கொண்டிருந்தது அவனுக்கு ஞாபகம் வந்தது.

"யோசிக்கிறேன்" என்றான்.

மாடிப்படி இறங்கும்போது கொறடா டட்லி ரைன்ஹார்ட் அவன் தோளில் கை போட்டார். பருத்த, சிவந்த, சதா சிரிக்கும் மனிதர். செய்தி அவருக்கு முன்பே போயிருந்தது.

"சேக்க மாட்டேன்னுட்டாங்களா? வா தம்பி, என் ரூமுக்கு வா."

அறைச் சுவரில் வார்னிஷ் பூசிய ஏரி மீன் ஒன்று வாயைத் திறந்தபடி மாட்டியிருந்தது. ரைன்ஹார்ட் இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். ஏற்கெனவே அச்சடித்துத் தயாராக இருந்தது. நோலன் சேரக் கேட்டது அன்று காலைதான்.

அது ஒரு புகார். இனத்தைக் காரணம் காட்டி உறுப்பினரை விலக்கிய அணியின் பதிவை ரத்து செய்ய வேண்டும். அந்த மாதிரி விதி வைத்திருக்கும் எந்த அணிக்கும் இனிப் பச்சைச் சீட்டு கூடாது. இரண்டாம் பத்தியில், 'ஐந்து மாதக் கறுப்பினக் குழந்தை ஐடாவின் தந்தையும் மறைந்த உறுப்பினரின் கணவனுமாகிய என்னை' என்று இருந்தது.

"இத யார் எழுதினது?"

"நம்ம வக்கீல் பசங்க. தொண்டைய அடைக்குதுல்ல? எனக்கே அடைச்சுது." ரைன்ஹார்ட் நாற்காலியில் சாய்ந்தார். "கையெழுத்துப் போடு. வெள்ளிக்கிழமை காலையில உன் மசோதா அவையில இருக்கும். ஒரு கமா மாறாது. ஓட்டு நான் கொண்டாறேன்."

"குழுவுல நீங்கதான் அதுக்கு எதிரா ஓட்டுப் போட்டீங்க."

"அது கொள்கை. இது வேலை." சிரித்தார். "ஏன் தம்பி, நெஞ்சத் தொட்டுச் சொல்லு. தோலப் பாத்து ஆள் சேக்கறது, பொம்பளையான்னு பாத்து ஆள் சேக்கறது, இதெல்லாம் இந்தக் காலத்துல அசிங்கமா இல்ல?"

"உங்க கட்சித் தலைமைக் குழுவுல ஒன்பது பேரு. ஒன்பதும் வெள்ளைக்கார ஆம்பளைங்க."

"அது விதி இல்லப்பா. அது அப்படி அமைஞ்சது."

நோலன் மீனைப் பார்த்தான். இந்த மனிதருக்கு வெட்கமில்லை என்பதைவிட, வெட்கப்பட வேண்டிய இடம் இது என்றே தெரியவில்லை என்பது அவனுக்கு அதிக அருவருப்பாக இருந்தது. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். ஏன் கிழிக்கவில்லை என்று தன்னையே கேட்டுக்கொள்ளவும் இல்லை.

வீட்டில் டமாரிஸின் தங்கை கேஸியா இருந்தாள். நகரப் பேருந்து ஓட்டுகிறவள். விடியற்காலை வண்டி எடுத்து மதியம் டிப்போவில் விட்டுவிட்டு வந்து குழந்தையைப் பார்த்துக்கொள்வாள். சீருடையைக்கூட மாற்றியிருக்கவில்லை.

"வாங்க மெம்பர் சார். மாநிலத்தக் காப்பாத்தியாச்சா? பாட்டிலச் சூடு பண்ணுங்க."

அவன் பாட்டிலைச் சுடுதண்ணீரில் வைத்தான். தாளை எடுத்து மேசையில் போட்டான். கேஸியா ஒரு கையில் குழந்தையோடு அதைப் படித்தாள். இரண்டாம் பத்தியில் நிறுத்தி, மறுபடி படித்தாள்.

"உனக்கு அந்த அணியில சேரணும்னு ஆசையா?"

"இல்ல."

"அவங்க உன்னச் சேக்கணுமா?"

"கூடாது."

"பின்ன இது என்ன குப்ப?"

"மசோதா, கேஸியா."

அவள் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டாள். "இவ பெரியவளாகி அங்க போனா இவளச் சேப்பாங்க. உன்னச் சேக்க மாட்டாங்க. அதுல உனக்குத் தப்புத் தெரியுதா?"

"இல்ல."

"ஒரு கடைக்குள்ள போனா, திருடுவாளோன்னு இவ பின்னாடி ஒருத்தன் நடப்பான். உன் பின்னாடி நடக்க மாட்டான். அவ்வளவுதான் அந்த விதி. டமாரிஸ் அத ஒரு வரியில எழுதினா. இந்த வக்கீலுங்க அதுக்கு ஒரு பக்கம் எழுதியிருக்கானுங்க."

"விதி சரி. அந்த விதிய வெச்சு உள்ள உக்காந்துக்கிட்டு பாலத்துக்குப் பேரு வைக்கிறாங்க."

"வெக்கட்டும். அவங்க வீடு. அவங்க பாலம்." பாட்டிலை வாங்கித் தன் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள். "அசிங்கமா இருக்கத்தான் செய்யுது. நான் இல்லேங்கல."

டீஸ் கையில் வைத்துக்கொள்ளக் குழந்தையைக் கேட்டதையும் சொன்னான். கேஸியா ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். குழந்தையின் காதைப் பொத்திக்கொண்டுதான் சொன்னாள்.

புதன்கிழமை அணி கூடிய அறையில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். நோலன் மூன்று நிமிடம் பேசினான். எண்களை மட்டும் சொன்னான். எண்கள் அவனுக்குப் பழக்கம். பேசி முடித்ததும் யாரோ கதவைத் திறந்துவிட்டார்கள். அவன் வெளியே வந்து தாழ்வாரப் பெஞ்சில் உட்கார்ந்தான். கதவுக்கு அந்தப் பக்கம் ஒருமுறை சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு நீண்ட வாக்குவாதம். வெளியே உட்கார வைத்தது அவனுக்கு வலிக்கவில்லை. பிரசவ அறை வாசலிலும் கொஞ்ச நேரம் இப்படித்தான் உட்கார வைத்தார்கள். அவனுக்கு அங்கே வேலை இல்லாத நேரங்கள் உண்டு என்று அவன் ஒப்புக்கொண்டவன்தான்.

ஐம்பது நிமிடம் கழித்து மிஸ் லவோனும் டீஸும் வெளியே வந்தார்கள். டீஸ் நாற்பது வயதுக்காரர். நல்ல கோட்டு, நல்ல பற்கள்.

"ஏழுக்கு அஞ்சு" என்றார் மிஸ் லவோன். "சீட்டு உன் மசோதாவுக்கு. பாலத்த ஒதுக்கிட்டேன். கிழவருக்கு நான்தான் போன் பண்ணிச் சொல்லணும்."

நோலன் நன்றி சொல்ல வாயெடுத்தான். அதற்குள் டீஸ் ஒரு தாளை நீட்டினார். மசோதாவைப் பெயர் மாற்றித் தரும் தாள். கீழே நோலன் கையெழுத்துக்கு இடம். மேலே ஒரு திருத்தம். 'நேரில் வந்து' என்பது அடிக்கப்பட்டு, 'தொடர்பு கொண்டு' என்று இருந்தது.

"இது என்ன?"

"சின்ன மாத்தம்" என்றார் டீஸ். "மருத்துவமனைக்காரங்களுக்கு ஆள் பத்தாது. வீடு வீடாப் போக முடியாதுங்கறாங்க. போன் பண்ணி விசாரிப்பாங்க. அவங்க எதிர்க்க மாட்டாங்க, மேலவையும் ஒத்துக்கும். இதுக்குச் சம்மதிச்சதாலதான் ஏழு ஓட்டு வந்துச்சு."

"ஒரே ஒரு வார்த்த, கண்ணு" என்றார் மிஸ் லவோன். அவர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"போன் பண்ணாங்க" என்றான் நோலன்.

"யாரு?"

"ஆஸ்பத்திரியில இருந்து. அஞ்சாம் நாள். நான் பக்கத்துல துணி மடிச்சிட்டிருந்தேன். எப்படி இருக்கீங்கன்னு கேட்டாங்க. தல கொஞ்சம் வலிக்குது, தூக்கமில்ல, மத்தபடி நல்லா இருக்கேன்னா. வாழ்த்துக்கள்னு சொல்லி வெச்சுட்டாங்க. ரெண்டு நிமிஷம்கூட இல்ல."

தாழ்வாரத்தின் மறுகோடியில் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாகப் போனார்கள்.

"அவளுக்கு எல்லாம் தெரியும். மசோதா எழுதினவ. அவளே நல்லா இருக்கேன்னுதான் சொன்னா. எங்க வீட்டுல பிரஷர் பாக்கற பட்டைய எடுத்துக் கையில சுத்தறதுக்கு ஒரு ஆள் இல்ல. அந்த வார்த்தைய எடுத்துட்டா மசோதாவுல என்ன இருக்கு?"

டீஸ் தொண்டையைச் செருமினார். "அடுத்த வருஷம் பலப்படுத்திக்கலாங்க. முதல்ல ஒரு அடி எடுத்து வைப்போம். நாளைக்குப் பத்திரிகைக்காரங்ககிட்ட இந்தப் போன் விஷயத்தையே சொல்லலாம். உருக்கமா இருக்கு."

நோலன் அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்தான். டீஸின் கை வாசனைச் சோப்பு மணந்தது. அந்த மணம் அவன் விரலில் ஒட்டிக்கொண்டது.

அவன் நேராக ரைன்ஹார்ட்டின் அறைக்குப் போனான்.

"இந்த வரிய எடுக்கணும். குழந்த பேரு."

"அந்த வரிதானேப்பா உயிரு. அது இல்லாட்டி நாலு வரிகூட எந்தப் பேப்பர்லயும் வராது. அது இருந்தாத்தான் பேரம்."

"நேரில் வந்துங்கறது இருக்குமா?"

"இருக்கும். பேச்சு மாற மாட்டேன். இந்தக் கட்டடத்துல என்கிட்ட இருக்கிறதே அது ஒண்ணுதான்." நடைமுறையையும் அவரே சொன்னார். புகார்களை மசோதாக்கள் எல்லாம் முடிந்த பிறகுதான் படிப்பார்கள். பழைய வழக்கம். எழுத்தர் படித்து முடித்ததும் சபாநாயகர் உறுப்பினர் பெயரைக் கூப்பிடுவார். "நீ எந்திரிச்சு நிக்கணும். பேச வேணாம். நின்னாப் போதும், புகார் எடுத்துக்கிட்டதா ஆகும்."

"நிக்கலேன்னா?"

"செல்லாது. போன வருஷம் ஒருத்தன் கழிவறையில மாட்டிக்கிட்டான், அவன் புகார் அத்தோட போச்சு." ரைன்ஹார்ட் குலுங்கிச் சிரித்தார். "நீ காலையிலயே போயிட்டு வந்துடு."

நோலன் தலையாட்டினான். ரைன்ஹார்ட்டுக்குச் சந்தேகம் வரவில்லை. மனைவியைப் பறிகொடுத்தவன் பொய் சொல்வான் என்று யாரும் நினைப்பதில்லை. பதினோரு வாரத்தில் நோலன் அந்த அவையில் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான். இப்போது அதைப் பயன்படுத்தினான். கையெழுத்துப் போட்டான். ஐடா என்ற பெயருக்கு இரண்டு அங்குலம் கீழே.

வியாழக்கிழமை குழந்தையை எங்கும் தூக்கிப் போகவில்லை. டீஸ் மூன்று முறை கூப்பிட்டார். அவன் எடுக்கவில்லை. அணியின் சீட்டு மறுபடி பாலத்துக்கே போனது.

வெள்ளிக்கிழமை பத்தே முக்காலுக்கு மசோதா அவைக்கு வந்தது. ஒரு கமா மாறவில்லை. நோலன் எழுந்து இரண்டு நிமிடம் பேசினான். ரைன்ஹார்ட் வரிசை வரிசையாக நடந்து தன் ஆட்களின் தோளைத் தட்டினார். பலகையில் விளக்குகள் எரிந்தன. அறுபத்து மூன்று பச்சை, நாற்பத்தொரு சிவப்பு. அணியில் பதினொரு பேர் பச்சை போட்டார்கள். டீஸ் அந்த நேரம் அவையில் இல்லை.

நிறைவேறியது. நோலன் ஏதாவது வரும் என்று காத்திருந்தான். நெஞ்சில் எதுவும் வரவில்லை. பக்கத்து நாற்காலிக்காரர் முதுகில் தட்டினார். அடுத்து பாலம் வந்தது. ஏகமனதாக நிறைவேறியது.

பன்னிரண்டு மணி தாண்டிப் பத்து நிமிடத்தில் புகார். எழுத்தர் ஒரு மெலிந்த பெண். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, மருந்துச் சீட்டு வாசிப்பவள் மாதிரி ஒரே குரலில் வாசித்தாள். ஐந்து மாதக் கறுப்பினக் குழந்தை ஐடாவின் தந்தையும் என்ற இடம் வந்ததும் மேல்மாடத்தில் கேமராக்கள் திரும்பின. மிஸ் லவோன் தன் இருக்கையில் திரும்பி அவனைப் பார்த்தார். அந்தப் பார்வையை நோலன் தன் மேல் பட விட்டான்.

"நாற்பத்தொன்றாம் தொகுதி உறுப்பினர்" என்றார் சபாநாயகர்.

நோலன் உட்கார்ந்திருந்தான்.

"நாற்பத்தொன்றாம் தொகுதி உறுப்பினர் டைக்ஸ்ட்ரா."

ரைன்ஹார்ட் சிரித்தபடி கையை உயர்த்தி, எழுந்திரு என்று சைகை காட்டினார். பிறகு சிரிப்பு மட்டும் முகத்தில் நின்றது. கண்கள் மாறிவிட்டன.

மூன்றாம் முறையும் கூப்பிட்டுவிட்டு சபாநாயகர் சுத்தியலைத் தட்டினார். புகார் செல்லாது. மறுவாக்கெடுப்புக்கும் நேரம் கடந்துவிட்டது. அவை கலைந்தது.

வாசலில் ரைன்ஹார்ட் அவனை மறித்தார். இப்போது தோளில் கை போடவில்லை.

"செத்துப்போன பொண்டாட்டிய வெச்சு என்னை ஏமாத்திட்ட."

"நீங்க என் பொண்ண வெச்சீங்க."

"எழுதி வெச்சது நான். கையெழுத்து உன்னது." கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "இனி இந்தக் கட்டடத்துல உனக்கு ஒருத்தன் கதவத் திறக்க மாட்டான் தம்பி. ரெண்டு பக்கமும்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. நோலனுக்கு அதுதான் பொறுக்கவில்லை. அந்த மனிதர் பேரத்தில் தன் பங்கைச் சுத்தமாகச் செய்திருந்தார்.

மிஸ் லவோன் படிக்கட்டில் நின்றிருந்தார். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். அவனுக்காகக் காத்திருந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

"கையெழுத்துப் போட்ட."

"போட்டேன்."

"எந்திரிக்கல."

"இல்ல."

"ரெண்டுல எது நீ?"

அவன் யோசித்துப் பார்த்தான். "தெரியல, மிஸ் லவோன்."

"எனக்கும் தெரியல." கடைசிப் பொத்தானையும் போட்டார். "அதுக்குத்தான் கண்ணு அந்த விதி."

ஒரு படி இறங்கி நின்றார். திரும்பாமலே சொன்னார். "பேர் மாத்தற தாள உன்கிட்ட நீட்டினப்ப நானும் பக்கத்துலதான் நின்னேன். அதையும் நான் மறக்கல." பிறகு கைப்பிடியைப் பிடித்து மெதுவாக இறங்கிப் போனார்.

ஆறு மணிக்கு நோலன் வீட்டுக்கு வந்தான். கேஸியா குழந்தையோடு அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள். அவை நடவடிக்கையை வேலை முடிந்து வந்து கைப்பேசியில் பார்த்திருந்தாள். கைப்பேசி மேசை மேல் கவிழ்ந்து கிடந்தது.

"பாஸ் ஆயிடுச்சு" என்றான்.

"பாத்தேன். அதுக்கு அழுதேன்." திரும்பினாள். "அப்புறம் அந்தப் பொம்பள இவ பேரப் படிச்சா."

"புகார் செத்துப்போச்சு, கேஸியா."

"செத்ததா? வாயால படிச்சது எல்லாம் அவைப் பதிவுல அச்சாகும்னு எனக்குச் சொன்னதே நீதான். இன்னைக்குத் தேதி போட்டு, இவ பேரு போட்டு, கறுப்பினக் குழந்தைன்னு போட்டு, கீழ உன் கையெழுத்து. இவளுக்கு இருபது வயசாகும்போது எவனாவது எடுத்துக் காட்டுவான். உங்கப்பா பாரு, எங்க பக்கம் நின்னாருன்னு."

"நான் நிக்கல."

"அது அதுல வருமா?"

வராது. எழவில்லை என்பதை யாரும் பதிவில் எழுதுவதில்லை. புகார் செல்லாது என்று ஒரு வரி இருக்கும்.

"வேற வழி இருந்துச்சா?" என்று கேட்டான். அவன் உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டான்.

கேஸியா கவிழ்ந்து கிடந்த கைப்பேசியை ஓரமாகத் தள்ளினாள். "இல்ல. இருந்திருந்தா உன்ன இப்ப வெளிய தள்ளிக் கதவச் சாத்தியிருப்பேன்." மூக்கைச் சீருடையின் கையில் துடைத்தாள். "யாராவது ஒரு பொண்ணு பொழப்பா. அவளுக்கு இது எதுவும் தெரியாது. தெரியவும் வேணாம். ஆனா இவளுக்கு நீதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்."

"சொல்றேன்."

"எப்ப?"

"படிக்கத் தெரிஞ்சதும்."

மேசையில் கைப்பேசி அதிர்ந்தது. அவன் கைப்பேசியும் அதிர்ந்தது. ஏதோ தொலைக்காட்சிக்காரர்கள். குழந்தையின் படம் ஒன்று கிடைக்குமா என்று கேட்டிருந்தார்கள். நல்ல வெளிச்சத்தில் எடுத்ததாக இருந்தால் உத்தமம் என்றும் எழுதியிருந்தார்கள். நோலன் அதைக் கேஸியாவிடம் காட்டாமல் அணைத்தான். கையைக் குழாயில் கழுவிக்கொண்டு வந்தான்.

"பிடி" என்றாள் கேஸியா. "நாலு மணியில இருந்து முழிச்சிருக்கா. நான் துணி மாத்தணும்."

அவன் வாங்கிக்கொண்டான். ஐடா அவன் முகத்தைப் பார்த்தாள், அப்புறம் சட்டைப் பொத்தானைப் பார்த்தாள், பிறகு மறுபடி முகத்தை. அவளுக்கு இன்னும் யாரையும் பிடிக்காமல் போகவில்லை. அவன் அவளை நெஞ்சோடு அணைக்கத் துணியாமல், சற்றுத் தள்ளிப் பிடித்தபடி நின்றான்.